கறுப்பு உடுத்தினால்

இந்தப் பக்கம் உட்கார்ந்தால்
எல்லா வீரனும் இடதுகைக்காரன்.

மக்காலிஸ்டர் சடக்குக் கூடாரத்தில்
எனக்கு வேலை தண்ணீர்.
ஆட்டத்துக்கு முன் ஆறு வாளி;
திரைத்துணி சொட்டச் சொட்ட நனைய வேண்டும்.
நனைந்தால்தான் பின்னாலிருந்து எறிகிற வெளிச்சம்
முன்னால் போய் ஆளாகும்.
ரீலுக்கு ஒரு தரம் ஓரத்தில் குனிந்து
மூங்கில் குழலால் பீச்சுவேன்.
நாளுக்கு முப்பது காசு. சளி இனாம்.

வந்திருந்தது ஜப்பான் படம்.
நாடக மேடையை அப்படியே பெயர்த்து
பெட்டிக்குள் போட்டிருந்தார்கள்.
மேடை நகராது, பெட்டியின் கண்ணும் நகராது.
ஆட்கள் வருவார்கள், கால் அகட்டி முறைப்பார்கள்,
கருவிழி மூக்கருகே வந்து முட்டும்,
அப்படியே நிற்பார்கள்
நான் ஒரு பீடி பற்றவைக்கும் வரை.

பெண் வருவாள். பெண் இல்லையாம்,
ஐம்பது வயது ஆம்பளை என்றான் மொரிஷிதா.
திரைக்கு முன்னால் நின்று
அத்தனை பேருக்கும் வாய் கொடுப்பவன் அவன்.
அந்த ஆம்பளை கழுத்தை ஒரு விரல் சாய்த்தால் போதும்,
சிந்திரா தெருவிலிருந்து ரிக்‌ஷாவில் வந்த
ஜப்பான் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.
ராத்திரி வியாபாரத்தை நிறுத்திவிட்டு வந்து அழுவது
அவர்களுக்குக் கைநஷ்டம்.
அழுதார்கள்.

என் கண் அங்கே போகவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவன்,
உச்சி முதல் பாதம்வரை கறுப்பு, முகத்திலும் துணி.
அவள் உட்காரப் போகையில் முக்காலி வைக்கிறான்.
விசிறி தரையைத் தொடுமுன் வாங்கிக்கொள்கிறான்.
செத்தவனுக்கு முன்னால் ஒரு துணி பிடிக்கிறான்;
துணி மறைவில் செத்தவன் எழுந்து
நடந்து போகிறான்.

பேயா, திருடனா, யார் அது?
தேநீரை ஊதிக்கொண்டே
பசார் மலாயில் சொன்னான் மொரிஷிதா:
"யாரும் இல்லையே."
முக்காலி வைத்தானே, அவன்.
"கறுப்பு உடுத்தினால் இல்லை என்று கணக்கு.
எங்கள் ஆட்களுக்கு அவன் தெரியமாட்டான்."

அன்று மாசிக் காற்று, கடலிலிருந்து, வறட்டுக் காற்று.
இரண்டாம் ரீலில் நடுத்துணி காய்ந்து
அவள் முகம் மங்கிக்கொண்டே போயிற்று.
ஓரத்திலிருந்து குழல் எட்டவில்லை.
வாளியோடு எழுந்தேன்,
வெளிச்சத்துக்கும் துணிக்கும் நடுவில்.

என் நிழல் போய் அவள் பக்கத்தில் நின்றது.
கறுப்பு. உச்சி முதல் பாதம்வரை. முகம் கிடையாது.
அவன் முக்காலி நீட்டினான்,
நான் தண்ணீர் நீட்டினேன்.

மொரிஷிதாவின் குரல் தடுக்கவில்லை.
சிந்திரா தெருப் பெண்கள் அழுகையை விடவில்லை.
நாற்காலி வரிசையில் கம்போங் மலபார் பல் வைத்தியர்
கண்கூட இமைக்கவில்லை.
ஒரு மூச்சு நேரம்
நான் இல்லை.
முறைப்படி இல்லை.

அப்புறம் திரைக்கு அடியில், தரையில்,
தொங்கானில் மூட்டை இறக்கிவிட்டு
குளிக்காமல் வந்த நம் பயல்கள்
ஒரே கூச்சல்:

"டேய் அடைக்கலம்!
குந்துடா, மறைக்குது!"