எலதோ

ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலக்குகிறவள் நான்.
சட்டையில் குத்திய அட்டையில்
கெலெமென் பிரோஷ்கா என்று ஒரு வரி,
அதன் கீழே எலதோ.
விற்கிறவள் என்று பொருள்.

மார்ச்சில் அப்பா இறந்தபின்
மரோஷ் ஆற்றுக்குப் போகும் தெருவில்
எங்கள் வீட்டு வேலியில் ஒரு பலகை கட்டினேன்.
கடையில் மிஞ்சிய பச்சையில் நானே எழுதினேன்:
எலதோ.
அங்கே அதற்கு, விற்பனைக்கு.

விற்கும் கைக்கும் விலைபோகும் பொருளுக்கும்
எங்கள் ஹங்கேரிய மொழியில் ஒரே சொல்.
சிக்கனக்காரர்கள் நாங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு.
பதினேழு வயதில், மக்கோ வெங்காயச் சந்தையில்,
என் ஞானத்தாய் ஹெர்மினா
தராசுக்குப் பின்னால் நின்று யாரிடமோ சொன்னாள்:
"எங்களிடமும் ஒரு எலதோ லாஞ் இருக்கிறாள்."
லாஞ் என்றால் பெண்.
கல்யாண வயதில் நிற்கிற பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள்,
வசையாக அல்ல, வாஞ்சையாகத்தான்.
வெங்காயத் தோலை உரசிக்கொண்டிருந்த அந்த ஆள்
நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தான்.
கிலோ என்ன விலை என்றான்.
வெங்காயத்தைத்தான் கேட்டான்.

அந்தச் சொல் எப்போது என்னைவிட்டு இறங்கியதோ.
யாரும் வந்து கழற்றவில்லை.
தெற்குச் சுவரில் நீலம் வெளிறுமே, அதுபோல.
இப்போது எனக்கு நாற்பத்தொன்று.

வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போனவள் ஒரு டச்சுக்காரி,
ஹென்ட்ரிக்யே, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
மறுநாள் கடைக்கு ஆணி வாங்க வந்தாள்.
அட்டையைப் படித்தாள்,
அகராதியைப் புரட்டினாள்,
"நீங்களுமா?" என்றாள், முகம் வெளுத்து.
சிரித்ததில் அரை லிட்டர் காவி கொட்டிவிட்டது.

துடைத்துக்கொண்டே மூன்றாவது பொருளையும் சொன்னேன்.
எங்கிருந்து வந்தது அப்படியொரு சொல் என்றாள்.
மாடு கொடுத்துப் பெண் எடுத்த காலம் என்பார்கள் சிலர்,
நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
எல் என்றால் அப்பால்,
அத் என்றால் கொடு,
ஓ என்றால் அதைச் செய்கிற ஆள்.
கொள்வினை கொடுப்பினையில் கொடுப்பது அப்பன்,
கொள்வது மாப்பிள்ளை.
இலக்கணத்தில் மட்டும் கொடுக்கிறவள் நான்.
அவள் அகராதி ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள்.
காட்டவில்லை.
ஆணிக்குச் சில்லறை சரியாகக் கொடுத்தாள்.

வக்கீல் மேசையில் பத்திரம் நான்கு பக்கம்.
"எலதோ எங்கே?" என்றார், கண்ணாடிக்கு மேலாக.
நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில்போல.
பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கையெழுத்து.
பேனா மூன்றாவதில் திக்கியது.

பலகையை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன், நல்ல ஓக் மரம்,
வாடகை அறைக்கு ஒரு தட்டாகும்.
பேருந்தில் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.
இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் உறைத்தது
எழுத்துப் பக்கம் வெளியே இருக்கிறதென்று.
பரிசோதகர் குனிந்து படித்தார்,
"எவ்வளவு?" என்றார், மீசைக்குள் சிரித்து.

திருப்பவில்லை நான்.
டிக்கெட்டை நீட்டினேன்.