எழுபத்து நான்கு சென்டிமீட்டர்

கட்டிலின் அகலம் தொண்ணூறு.
வாசலுக்கு எழுபத்து நான்குதான்.
மாரிக்கா அளவுநாடாவைச் சுருட்டிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்:
"கழற்றித்தான் கொண்டுவருவார்கள்,
கவலை வேண்டாம்."
கவலை கட்டிலைப் பற்றியதுதான் என்று
நாங்கள் மூவரும் வைத்துக்கொண்டோம்.

ஹீயுமா தீவில் நவம்பர்.
நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
கூடத்தின் நடுவே, இரண்டு பலகைமேல்,
வயிறு பிரித்துப்போட்ட படகு எஞ்சின்.
கட்டிலுக்குத் தோதான இடம் அது ஒன்றுதான்;
ஜன்னலும் பக்கம், பிளக்கும் பக்கம்.
"முதலில் இது வெளியே போகவேண்டும்."
"யார் முதலில் வெளியே போவது என்று
இன்னும் முடிவாகவில்லையே" என்றான் எண்டெல்.
சிரித்தது அவன் மட்டும்.
சிரிப்பு இருமலானது. இருமல் அடங்குவதற்குள்
அடுப்பில் தண்ணீர் கொதித்து,
விசிலடித்து, ஓய்ந்துவிட்டது.

காற்று கிளம்பினால் பெருங்கரையிலிருந்து
படகு வராது. இரண்டு நாளும் ஆகலாம், நான்கும் ஆகலாம்.
அதனால் மருந்து முன்கூட்டியே வருகிறது,
பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில்.
ஒரு காலத்தில் நான் கேக் அச்சுகள் வைத்த அலமாரியில்
அதை வைத்தேன். அச்சுகள் அங்கேயே இருந்தன.
அவன் தூக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழகினேன்.
தோலுக்கு அடியில், ஆழம் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம்.
நான்கு பழம் வீணாயிற்று.
ஐந்தாவதை எண்டெல் கையில் வாங்கி
அங்குமிங்கும் திருப்பிப் பார்த்து,
"வலிக்கவில்லையாம்" என்றான்.

குளிர்பெட்டிக் கதவில் மாரிக்கா ஒட்டிய தாள்:
மூச்சின் தாளம் மாறினால் எனக்கு.
நடுராத்திரி ஆனாலும் எனக்கு.
ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டாம்,
வந்தால் அவர்கள் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.
நகக்கண்ணில் இன்னும் எஞ்சின் கறுப்பு.
அடுத்து, பராமரிப்பவர் பெயர்: விர்வே. எழுதினேன்.
நோயாளிக்கு என்ன உறவு?
பேனா அங்கே நின்றுவிட்டது.

மனைவி என்று எழுத முடியாது.
பதினோரு வருஷத்துக்கு முன், கார்ட்லாவில்,
பத்து நிமிஷத்தில் அதை முடித்துக்கொண்டோம்.
ஆகஸ்டில் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றான்;
கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கியிருந்தான்.
ஒரு கறுப்பு ரொட்டி, அதுவும் பாதி.
மறுநாள் வந்துவிட்டேன்.
அவன் கூப்பிடவில்லை. நான் கேட்கவுமில்லை.
டாம்பெரேயில் கூரை போடும் மகன் டாவெட்
சனிக்கிழமைதோறும் பேசுகிறான்.
அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறான்.
நீ ஏன் அங்கே என்று கேட்பதில்லை.
நல்ல பிள்ளை. அல்லது, பயந்த பிள்ளை.

"என்ன எழுத?" என்றாள் மாரிக்கா.
"சூப்பில் உப்பை அள்ளிப் போடுகிறவள்"
என்றான் எண்டெல், கண்ணைத் திறக்காமல்.
கட்டத்தை அவள் காலியாகவே விட்டாள்.
"அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்."
அடுத்த முறையும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணை ஆட்கள் இருவர்
எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
தரையில் தட்டளவு எண்ணெய்க் கறை.
துடைக்கப் போனேன். "விடு" என்றான்.
மதியம் கட்டில் வந்தது, துண்டு துண்டாக.
அதன் ஒரு சக்கரம் சரியாகக் கறையின்மேல் நிற்கிறது.

கம்பியில் ஒரு சைக்கிள் மணியைத்
தானே முடுக்கினான், மூன்று இடத்தில் ஓய்ந்து ஓய்ந்து.
இரவு மாடியறையில்,
நான் விட்டுப்போன அதே படுக்கையில் படுத்தேன்.
மணி அடித்தது.
வெறுங்காலோடு இறங்கி ஓடினேன்.
"ஒன்றுமில்லை. கேட்கிறதா என்று பார்த்தேன்."
திட்டிவிட்டு ஏறினேன்.
மறுபடி மணி.
"காற்று தெற்கே திரும்பிவிட்டது. நாளை படகு ஓடும்."
சரி, தூங்கு.

மேலே போகவில்லை.
போர்வையை எடுத்துவந்து
கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.
இருட்டில் அவன் விரல்
மணியை அடிக்காமல்
தடவிக்கொண்டிருந்தது.