முன்வாசல் வழியாக

பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்தது
இந்த விடுதியின் பின்கதவு மட்டும்.
மீன்கூடை, தராசு, ஐஸ் உருகிய ஈரம்,
கையெழுத்துப் போட ஒரு நோட்டு.
முன்பக்கம் இவ்வளவு மணல் இருப்பதை
இன்றுதான் பார்க்கிறேன்,
விடியுமுன் யாரோ தலைவாரிவிட்டது போல.
மிதிக்கக் கூசியது.

நெனிதாவுக்கு இந்த வருடப் பரிசு இது:
சிறந்த ஊழியர், குடும்பத்தோடு ஓர் இரவு,
காலை உணவு உட்பட.
சான்றிதழில் அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
அறை எண்ணில் பிழை இல்லையே, அது போதும் என்றாள்.

வரவேற்பில் நின்றவள் என் சித்தப்பா மகள் ஷெரில்.
"வெல்கம் சார், வெல்கம் மேடம்."
போன ஞாயிறு எங்கள் வீட்டில்
சட்டியை வழித்து நக்கிய அதே வாய்.
சிரித்துவிட்டேன்.
மேலாளர் பின்னால் நிற்பதைக் கண்ணால் காட்டினாள்.
உடனே நானும் சார் ஆனேன்,
கழுத்தை நிமிர்த்தி,
கலமான்சி சாற்றை ஒரே மடக்கில் குடித்து.
மணிக்கட்டில் நீலப் பட்டை சுற்றினார்கள்.
சின்னவன் ஜெம்வெல் கேட்டான்:
ஆஸ்பத்திரியிலும் இதைத்தானே கட்டினார்கள்,
இங்கே யாருக்கு உடம்பு சரியில்லை?

கட்டிலின் மேல்
துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள்.
வருகிறவர்கள் படம் எடுப்பார்களாம்.
நெனிதா குனிந்து பார்த்தாள்:
"மரிவிக் மடித்தது.
அவளுக்குக் கழுத்து எப்போதும் இடப்பக்கம் சாயும்."
பிறகு மெத்தையின் மூலையைத் தூக்கினாள்.
குளியலறை வடிகாலில் விரல் விட்டாள்.
ஒரு முடி இல்லை.
"நன்றாகத்தான் செய்திருக்கிறாள்" என்றபோது
குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

கடலுக்குப் போகலாமா என்று
மகள் அய்ரீன் என்னிடம் அனுமதி கேட்டாள்.
நடக்குமுன் நீந்தியவள்.
நானும் சுற்றிப் பார்த்தேன், யாரிடம் கேட்பது என்று.
கயிறு கட்டி ஆரஞ்சு மிதவைகள் விட்டிருந்தார்கள்.
எத்தனை விடியல்கள்
இந்தக் கயிற்றை அந்தப் பக்கமாகச் சுற்றியிருப்பேன்,
மோட்டாரை அணைத்து, துடுப்பு போட்டு,
விருந்தாளிகளின் தூக்கம் கலையாமல்.
இன்று உள்ளேயிருந்து தொட்டேன்.
பாசி, உள்பக்கமும்.

மதியச் சாப்பாடு பரிசில் சேராது.
டப்பாவில் கொண்டுவந்த சோறும் கருவாடும்
பால்கனியில், கதவை மூடிக்கொண்டு.
கீழே குடைக்கடியில்
செபுவிலிருந்து கப்பலில் வந்த ஒரு குடும்பம்,
நடுத்தட்டில் முழு லாப்பு-லாப்பு.
தண்ணீர் எடுக்கும் சாக்கில் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
வலது செவுளின் கீழே தூண்டில் கிழித்த வடு,
நேற்று நான் பிடித்தது.
கிலோவுக்கு எனக்குத் தந்த விலை தெரியும்.
அட்டையில் அவர்கள் போட்ட விலையும் இப்போது தெரியும்.
கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.
அவர்கள் எழுந்து போனபின்
தலை அப்படியே கிடந்தது, கன்னச்சதை தொடாமல்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
கன்னத்தை விட்டுவிட்டு
வேறு எதைத் தின்றார்கள்?

இரவு ஏசிக் குளிரில்
நான்கு பேரும் ஒரே கட்டிலில் ஒடுங்கினோம்.
இன்னொன்று கலையாமல் இருக்கட்டும் என்றாள் நெனிதா,
"நாளைக்கு மரிவிக்குக்கு ஒரு விரிப்பு மிச்சம்."

தூக்கம் வராமல் வெளியே வந்தேன்.
தொலைவில் கணவாய்க்குப் போன படகுகளின் விளக்குகள்.
பெயர் சொல்லி எண்ணினேன்:
பெர்டிங், ஓங்கோய், கடன்காரன் திமோய்,
பாறையருகே எப்போதும் பிந்தும் இரட்டையர்.
வடக்கு ஓரம்
ஒரு விளக்கின் அளவு இருட்டு.
நான் நிற்கிற இடம்.
யாரும் அங்கே படகை விடவில்லை.

உள்ளேயிருந்து குரல்:
"கதவைச் சாத்து,
குளிரெல்லாம் வீணாகப் போகிறது."