புள்ளி விழாத விசை

ஒட்டுசுட்டான் சந்தியில்
கடை திறந்து அரை மணித்தியாலம்.
பதினொரு மணிக்கு முன்னம்
கடிதம் கந்தோரில் இருக்க வேணுமாம்.
ஆனை உழக்கின தென்னம்பிள்ளைக்கு நட்டஈடு.
நல்லைநாதன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கதிரையில் இருக்கிறார்.

பாமினியில் அடிக்கிறேன்.
‘ஐயா’ பிழையில்லாமல் விழுந்தது,
அதற்குப் புள்ளி தேவையில்லை.
அடுத்த வரியில்
‘தெனனமபிளளை’ என்று நிற்கிறது.

வலது கைச் சின்னவிரலுக்குக் கீழே
ஒரு விசை வேலைநிறுத்தம்.
மெல்ல அமத்தினேன், குத்தினேன்,
கெஞ்சியும் பார்த்தேன்.
வயரைப் பிடுங்கி மற்ற ஓட்டையில் செருகினேன்.
றீஸ்டார்ட் கொடுத்தேன்,
போட்டோக்கொப்பி மெசின்தான் இருமியது.
கவிழ்த்துத் தட்ட
மேசையில் கொட்டுண்டன
ஒரு ஸ்ரேப்ளர் கம்பி, நகத்துண்டு,
மிக்சர் கடலைத் தோல்,
ரோட்டில் லொறி போகும்போதெல்லாம்
உள்ளே வந்து குடியிருக்கிற செம்புழுதி.

கொண்டைக் கிளிப்பால் விசையைக் கிளப்பினால்
கீழே காய்ந்துபோன ஒரு சித்தெறும்பு,
அதுவே ஒரு புள்ளியாக.
ஊதி எடுத்துவிட்டு அமத்தினேன்.
இல்லை.
எறும்பில் குற்றமில்லை.

புதுசுக்கு மாங்குளம் போகவேணும்.
திரையில் கீபோட்டை வரவழைக்கலாம்,
மவுஸ் நேற்றிலிருந்து
ஒன்றை இரண்டாய்க் கிளிக் பண்ணுது.
“புள்ளி இல்லாட்டி வாசிக்க ஏலாதோ?”
என்கிறார் நல்லைநாதன்.
நாலாம் வகுப்பில் படித்தது:
புள்ளி வைத்தால் மெய், எடுத்தால் உயிர்மெய்.
திரையில் எல்லா மெய்க்கும் உயிர் வந்து
வாயைத் திறந்தபடி
வரிசையாய் நிற்கின்றன.
இப்படியே கந்தோருக்கு அனுப்பேலாது.

இரவல் எடுக்கலாம்.
பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன்,
கைக்கு எது அகப்பட்டதோ அது.
இரண்டாயிரத்துப் பதினேழு, மார்கழி.
பொருள்: காணாமல்
அதற்கு மேல் வாசிக்கவில்லை.
நான்தான் அடித்துக் கொடுத்தது.
ல்லின் தலையில் இருந்ததை மட்டும்
தெரிவுசெய்து கொப்பி பண்ணினேன்.
வெட்டவில்லை.
எடுத்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

கொன்ரோல், வி.
தென்னம்பிள்ளையில் மூன்று.
மின்வேலி, வனத்திணைக்களம்,
விண்ணப்பம், இப்படிக்கு உண்மையுள்ள.
நூற்றுச் சொச்சம் இடத்தில்
அந்த ஒரே புள்ளியை இறக்கினேன்.
இடது கை விரல் நோகத் தொடங்கியது.
நல்லைநாதன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்,
பிறகு தன்னுடையதையும்.

பிரின்ட் எடுத்து நீட்டினேன்.
விரல் வைத்து வாசித்தவர்
கடைசி வரியில் நின்றார்.
“பதினாலில்லை பிள்ளை, பதின்மூண்டு.
வேலிக்கரையில கிடந்தது
விடியக் குருத்து விட்டிருக்கு.
பொய்க்கணக்கு வேண்டாம்.”

பதினான்கில் ஒரு புள்ளி.
பதின்மூன்றில் இரண்டு.

பத்து நாற்பது.
கோப்பை மூடிவிட்டிருந்தேன்,
ஆனாலும் அது இன்னும்
கொப்பியில் இருந்தது.
கொன்ரோல், வி.