தள்ளுபடி

ராட்டர்டாமில், மீன்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே
ஒரு ஜன்னல் அகலத்துக்கு என் ஸ்டூடியோ.
பாஸ்போர்ட், விசா, குடியிருப்பு அட்டை.
ஆறு படம், பத்து நிமிடம்.

வருகிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான்:
வாயை மூடுங்கள். காது தெரியட்டும்.
சிரிக்காதீர்கள்.
டச்சில் சொல்வேன், போர்த்துகீசில் சொல்வேன்.
மிண்டெலோவிலிருந்து அம்மா கொண்டுவந்த கிரியோலில் மட்டும்
சொன்னதில்லை.
அந்த மொழியில் சிரிக்காதே என்றால்
சிரிப்பு வந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிறக் காகிதம்,
கூரையிலிருந்து தரைக்கு இறங்கும் சுருள்.
அஸ்மாராக்காரர், லட்டாக்கியாக்காரர், பரமரிபோவின் இரட்டையர்
எல்லோரும் அரை நிமிடம் அதன்முன் நிற்பார்கள்.
மலை கிடையாது, கடல் கிடையாது, கொடி கிடையாது.
இத்தனை பேரும் சேர்ந்து குடியிருந்த ஒரே நாடு
அதுதானோ என்று
பில் போடும்போது தோன்றும்.

சாயங்காலம் செருப்புத்தடம் பட்ட அடியை வெட்டியெடுப்பேன்.
குப்பைக்குப் போகவேண்டியது
வீட்டுக்கு வரும்.

கூடவே ஒரு பிஸ்கட் டப்பா.
அதிகாரி வேண்டாமென்றதால் மறுபடி எடுக்க வந்தவர்கள்
என் மேசையில் விட்டுப்போன படங்கள்.

தெஸ்ஃபாய், மூன்று தடவையும் கண்ணை மூடியவர்.
வெளிச்சம் பாய்ந்தால் குனிந்தே பழக்கம் என்றார்,
மேலே சொல்லவில்லை.
டெயோலிண்டாவுக்கு அன்று காலைதான் வேலை கிடைத்திருந்தது.
உதட்டை இறுக்கினாள்,
கன்னம் கேட்கவில்லை.
அப்புறம் ஒரு கைக்குழந்தை;
தலைக்குப் பின்னால் யாருடையவோ ஐந்து விரல்.

அந்தச் சாம்பல் காகிதத்திலேயே வரைந்தேன்.
கரி, வெள்ளைச் சுண்ணம்,
கப்பல் துருவுக்கு அடிக்கிற சிவப்பு.
தெஸ்ஃபாயின் இமைகளுக்கே ஒரு மாதம் போயிற்று.

சலவைக்கடை மாடியில் பத்தொன்பதை மாட்டினேன்.
கீழே இயந்திரங்கள் வேகமெடுக்கும்போதெல்லாம்
முகங்கள் லேசாக நடுங்கின.
பச்சை மஃப்ளர் கட்டிய ஒருவர் விலை விசாரித்தார்.
தள்ளுபடி உண்டா?
எல்லாமே தள்ளுபடிதான், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, வாங்கவும் இல்லை.

ஞாயிறன்று ஹோதான் வந்தாள், மகன் லீபானோடு.
ஒவ்வொன்றாய்க் கடந்து
பதினான்காவதன்முன் நின்றாள்.
இது என் கை.

மோதிரவிரல் கோணல். கதவில் நசுங்கியதாம்.
எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது:
படத்தில் குழந்தை தவிர யாரும் இருக்கக்கூடாது
என்று திருப்பிவிட்டார்கள்.
இரண்டாம் தடவை நான்தான்
அவள்மேல் துணியைப் போர்த்தி,
விளிம்பை இழுத்துவிட்டு எடுத்தேன்.
உடனே ஏற்றுக்கொண்டார்கள்.
அம்மா பின்னணியாகியிருந்தாள்.

ஓவியத்தில் கையை மட்டும் வரைந்திருந்தேன்.
தலை இருந்த இடம் வெறும் காகிதம்.

லீபானுக்குப் பதினேழு வயது. ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றி,
நான் எங்கே, என்றான்.
அவள் அந்த வெற்றிடத்தைக் காட்டினாள்.
கொஞ்சம் யோசித்தான்.
திரும்பி, முழங்கால் மடக்கி,
பின்தலையை அந்த விரல்களுக்கு நேரே கொண்டுபோனான்.
அளவு சரிவரவில்லை.
ஹோதான் பல் தெரியச் சிரித்தாள்.
என்னிடம் கேமரா இல்லை.

படியிறங்கும்போது அவன்தான் கேட்டான்:
உங்கள் படம் எது?

என் பாஸ்போர்ட் படம் முதல் தடவையிலேயே தேறியது.
அதற்கு முந்தையதும் அப்படித்தான்.
வாய், காது, பார்வை, எல்லாம் விதிப்படி.
திருப்பியனுப்ப
ஒரு காரணமும் நான் கொடுத்ததில்லை.

இன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு
சாம்பல் சுருளின்முன் உட்கார்ந்திருக்கிறேன்.
டைமர் டிக் டிக் என்கிறது.
அம்மாவின் மொழியில்
எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்: சிரிக்காதே.

பதினோரு படம் ஆகிவிட்டது.
இன்னும் ஒன்றுகூட
சரியாகத் தப்பவில்லை.