நூற்று அறுபத்தெட்டு

வூட்ச் நகரில், டிராம் பணிமனைக்குப் பின்னால்
ஞாயிற்றுச் சந்தை. பனி இன்னும் இளகவில்லை.
துருவேறிய ஸ்கேட்டுகளுக்கும்
யாருடையதோ பல்செட்டுக்கும் நடுவே
மஞ்சள் கேட்ரிட்ஜ் ஒன்று.
'168 ஆட்டங்கள்' என்கிறது அதன் நெற்றி.

பொகுமிவா சிரித்துவிட்டாள்.
எண்ணினால் பதினொன்றுதான்.
மிச்சமெல்லாம் அதே பதினொன்று,
சட்டை மாற்றிக்கொண்டு
மறுபந்தியில் உட்கார்ந்தவை.

பேரம் பேசவில்லை.
கையுறையைக் கழற்றி
நாற்பது ஸ்வோட்டி எண்ணிக் கொடுத்தாள்.

இன்று ஆம்புலன்ஸ் பணி இல்லை.
ஊதக் கூடாது என்கிறார்கள்;
ஊதினாள், செருகினாள்.
மூன்றாம் கட்டத்தில் விழுந்தாள்,
பத்து வயதில் விழுந்த அதே பள்ளம்.
இத்தனை வருடத்தில்
ஒரு பிடி மண் போட்டு
யாரும் அதைத் தூர்க்கவில்லை.
பாதியில் நிறுத்தி வைக்க வழியில்லை.
செத்தால் முதலிலிருந்து.
வண்டியில் அவள் பார்த்த எவருக்கும்
கிடைக்காத சலுகை.

மணி மூன்று.
நூற்று முப்பத்தேழைத் திறந்தாள்,
ஒருவேளை
இது மட்டும் வேறாக இருந்துவிட்டால்?

அதே பாலம். அதே தவளை.
வானம் மட்டும் பச்சை.

சரி,
நூற்று முப்பத்தெட்டு.