நூற்று எண்பதில் நிறுத்தினேன்

மழை விட்ட பிறகுதான் வந்தார் நோல்பெர்த்தோ.
மஞ்சள் படகு. பக்கவாட்டில் பெயர் உரிந்து
'சாந்தா' மட்டும் மிச்சம்.
எந்தப் புனிதை என்பதைக் கடல் தின்றுவிட்டது.

கெயோன் துறையில் கடைசிப் பம்ப் என்னுடையது.
பதினோரு வருஷமாய் ஒரே கேள்விகள்:
எஞ்சின் அணைத்தாச்சா?
அடுப்பு அணைத்தாச்சா?
தொட்டி எத்தனை லிட்டர், இப்போது எவ்வளவு கிடக்கிறது?

"நிரப்பு" என்றார்.
நிரப்பு என்பது ஓர் அளவில்லை.
குச்சியை விட்டுப் பார்த்தேன்.
இருநூற்று இருபது பிடிக்கும் தொட்டியில்
இருபது, இருந்தால் அதிகம்.

துப்பாக்கியின் பிடியில்
கையை எடுத்தாலும் ஓடவைக்கிற கொக்கி ஒன்று இருந்தது.
வேலைக்கு வந்த நாலாம் வருஷம்
நானே அதை அறுத்துப் போட்டேன்.
வலது கை விசையில்.
இடது கையில் வெள்ளைத் துணி, எண்ணெய் மட்டும் குடிக்கும் ரகம்.
அதைப் படகின் விலாவில் இருக்கும்
காற்றுக்குழாயின் வாயில் பொத்திக்கொள்வேன்,
கொட்டாவி விடுகிறவன் வாயைப் பொத்துவதுபோல்.

பிறகு காது.

டீசல் உள்ளே போகப் போகக் காற்று வெளியே வரும்.
முதலில் காலிக் குடத்தின் கனத்த பேச்சு.
பாதியில் முணுமுணுப்பு.
கடைசி இருபது லிட்டரில் குரல் ஏறும்,
மெலிந்து, கூர்ந்து, சீட்டியாகும்.
சீட்டிக்கும் சிந்தலுக்கும் நடுவே
ஒரு மூச்சு நேரம்கூடக் கிடையாது.

"எர்சிரா," என்றார்,
"நேற்று காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில்
டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா..."

"பேசாதீர்கள். நிரம்புகிறது."

கதவு சாத்தியதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது.
மூன்று வருஷத்துக்கு முன்
எவனோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தேன்.
இரண்டே நொடி. ஒரு கோப்பைதான் இருக்கும்.
தண்ணீரில் விழுந்ததும்
அதற்குத்தான் எத்தனை அகலம்!
நீலமும் ஊதாவுமாய் நெளிந்து
கட்டிய படகுகளின் இடுக்கெல்லாம் நுழைந்து
ஒத்திலியாவின் சிப்பிக் கயிறுகள்வரை போயிற்று.
வாங்க வந்தவன் மூட்டையை முகர்ந்து பார்த்து
ஒன்றும் சொல்லாமல் லாரி ஏறிப் போனான்.

அன்று நான் செய்த இன்னொன்றும் உண்டு.
பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து ஓடினேன்.
பாதிப் புட்டியைக் கவிழ்ப்பதற்குள்
துறைமுகக்காரர் மணிக்கட்டைப் பிடித்தார்:
"கண்ணுக்குத்தான் மறையும். கடலுக்குள் இறங்கிவிடும்."
ஒத்திலியாவிடம் கோப்பையைச் சொன்னேன்.
சோப்பை இன்றுவரை சொல்லவில்லை.

நூற்று எழுபது.
குரல் ஏறத் தொடங்கியது.
நோல்பெர்த்தோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நூற்று எழுபத்தைந்து.
நூற்று எண்பதில் விசையை விட்டேன்.

"இன்னும் பிடிக்குமே."
"பிடிக்கும். மதியம் வெயில் அடித்தால் டீசல் உப்பும்.
வளைகுடா தாண்டினால் படகு ஒருக்களிக்கும்.
அதற்கும் இடம் வேண்டாமா?"

பதில் இல்லை.
குழாயில் தங்கியது வடிய மனசுக்குள் பத்து எண்ணி,
மூக்கை வானம் பார்க்கத் திருப்பி,
துணியோடு சேர்த்து வெளியே எடுத்தேன்.
துணியில் பருப்பளவு ஒரு கறை. தண்ணீரில் ஒன்றுமில்லை.

மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்தேன்:
"இப்போது சொல்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார்?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
"எவ்வளவு ஆச்சு?" என்றார்.

சொன்னேன்.
ஈர நோட்டுகளை எண்ணித் தந்தார், மீதி வாங்கவில்லை.
மஞ்சள் படகு போன தடத்தில்
தண்ணீர் கறுப்பாய், சுத்தமாய்க் கிடந்தது.
கடற்காகம் ஒன்று அதில் இறங்கி அலகு நனைத்தது.
கறை பட்ட துணியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த முறை வருவார், பத்து நாளில், டீசல் தீரும்போது.
எஞ்சின் அணைத்தாச்சா,
அடுப்பு அணைத்தாச்சா,
டாக்டர் என்ன சொன்னார்.
அதற்கப்புறம்தான் குழாயைத் தொடவேண்டும்.